கதிரவனின் கடைக்கோடி – 11: புள்ளிகளை எடை போட்டவர்கள்

1992 ஆகஸ்ட் 30 இரவு, ஹவாய்த் தீவின் மௌனா கேயா உச்சியில் டேவிட் ஜூவிட்டும் ஜேன் லூவும் கண்ட மங்கலான ஒரு புள்ளியோடு சென்ற பகுதியை நிறுத்தியிருந்தோம். நெப்டியூனுக்கு அப்பால் புளூட்டோவும் அதன் துணைக்கோள் கேரனும்தான், மற்றபடி வெற்றிடம் என்ற எண்ணம் அந்தப் புள்ளியோடு முடிந்துபோயிற்று. ஆறு மாதம் கழித்து இரண்டாவது புள்ளி கிடைத்தது. பத்தாண்டுக்குள் எண்ணிக்கை பல நூறாகியது.

ஆனால் கிடைத்தவை எல்லாம் புள்ளிகளே. இருக்கும் இடம் தெரியும். நகரும் வேகத்தைக் கொண்டு சுற்றுப்பாதையும் தெரிந்துவிடும். அதன் குறுக்களவு எவ்வளவு, அது பனியா பாறையா, உருண்டையா கோணல்மாணலா என்ற கேள்வி எதற்கும் ஒரு புள்ளி பதில் சொல்லாது. அந்தப் பதில்களை வாங்கியவர்களின் கதைதான் இந்தப் பகுதி.

2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் பன்னாட்டு வானியல் ஒன்றியம் வாக்கெடுத்துப் புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து நீக்கிய செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். அதே தீர்மானம்தான் ‘குறுங்கோள்’ என்ற வகையையும் உண்டாக்கியது. சூரியனைச் சுற்ற வேண்டும். வேறொன்றின் துணைக்கோளாக இருக்கக்கூடாது. தன் பாதையைச் சுற்றியுள்ள மற்றவற்றை அகற்றியிருக்காது. ஆனால் தன் ஈர்ப்பு விசையாலேயே தன்னை உருட்டித் திரட்டிக்கொள்ளும் அளவுக்கு நிறை இருக்க வேண்டும். கடைசி நிபந்தனையைக் கவனியுங்கள். ஒரு பொருளைக் குறுங்கோள் என்று அழைக்க அதன் நிறையும் வடிவமும் தெரிந்தாக வேண்டும். பல நூறு கோடி கிலோமீட்டர் தொலைவில் கிடக்கும் ஒரு புள்ளியை எந்தத் தராசில் நிறுப்பது? இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காதவை எல்லாம் இன்றும் ‘குறுங்கோள் வேட்பாளர்கள்’ என்றே நிற்கின்றன. வாக்கெடுப்பு ஒரு பிற்பகலில் முடிந்தது. எடை போடும் வேலை அதற்கு முக்கால் நூற்றாண்டு முன்பே தொடங்கியது, இன்னும் முடியவில்லை. வரலாற்றில் அதிக இடம் பெறவேண்டியது பின்னதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

தொடக்கம் புளூட்டோவிலிருந்தே. நெப்டியூனுக்கு அப்பால் ஒரு கோள் இருந்தாக வேண்டும் என்று கணக்குப் போட்ட பெர்சிவல் லோவெல், அதற்குப் பூமியைப் போல ஏறத்தாழ ஏழு மடங்கு நிறை இருக்கும் என்று எதிர்பார்த்தார். அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1930 பிப்ரவரியில், அவர் நிறுவிய ஆய்வகத்திலேயே கிளைட் டோம்பா புளூட்டோவைக் கண்டபோது, அது எதிர்பார்த்ததைவிட மிக மங்கலாக இருந்தது. 1931இல் வந்த கணக்கு அதற்குப் பூமியளவு நிறை கொடுத்தது. 1950ஐ ஒட்டி ஜெரார்டு கைப்பர் அதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தார். 1976இல் டேல் குருக்ஷாங்கும் அவருடைய கூட்டாளிகளும் புளூட்டோவின் மேல் மீத்தேன் உறைபனி இருப்பதைக் கண்டார்கள். உறைபனி என்றால் பளபளப்பு. பளபளப்பான பொருள் சின்னதாக இருந்தாலே அவ்வளவு ஒளி வந்துவிடும். நிறை இன்னும் பத்து மடங்கு இறங்கியது. 1980இல் டெஸ்லர், ரஸ்ஸல் என்ற இரு அறிவியலாளர்கள் இந்த இறங்குமுகத்தை வரைபடமாகவே போட்டு, இப்படியே போனால் 1984இல் புளூட்டோ மறைந்துபோகும் என்று வேடிக்கையாக எழுதினார்கள்.

அதற்குள் சரிவைத் தடுத்து நிறுத்தும் ஆதாரம் கிடைத்துவிட்டிருந்தது. 1978 ஜூன் 22 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் ஜேம்ஸ் கிறிஸ்டி, புளூட்டோவின் படத்தகடுகளை அளந்துகொண்டிருந்தார். சில தகடுகளில் புளூட்டோவின் உருவம் ஒருபக்கம் புடைத்திருந்தது. படம் கெட்டுவிட்டது என்று ஒதுக்கப்பட்டவை அவை. பக்கத்து விண்மீன்கள் எதுவும் புடைக்கவில்லையே என்று அவர் யோசித்தார். பழைய தகடுகளைத் தேடி எடுத்துப் பார்த்தபோது, அந்தப் புடைப்பு 6.4 நாளுக்கு ஒருமுறை புளூட்டோவைச் சுற்றிவந்தது. அதுதான் கேரன். ஒரு துணைக்கோள் எவ்வளவு தள்ளி, எத்தனை நாளில் சுற்றுகிறது என்று தெரிந்தால், நியூட்டனின் விதியைக் கொண்டு அந்த இரண்டின் மொத்த நிறையைக் கண்டுவிடலாம். அனுமானத்துக்கே அங்கே இடமில்லை. புளூட்டோவின் நிறை பூமியில் ஏறத்தாழ 460இல் ஒரு பங்கு என்பது இன்றைய கணக்கு. கடைக்கோடியில் எடை போட வேண்டுமானால் ஒரு நிலா வேண்டும் என்ற பாடத்தை வானியலாளர்கள் அன்று கற்றார்கள்.

நிலா இல்லாவிட்டால்? அங்கேதான் சிக்கல். இந்தப் பொருள்களுக்குச் சொந்த ஒளி கிடையாது. சூரிய ஒளி அங்கே போய்ப் பட்டுத் திரும்பி வர வேண்டும். தொலைவு இரட்டித்தால் நமக்கு வரும் ஒளி பதினாறில் ஒரு பங்காகிவிடும். வந்து சேர்ந்த அந்தச் சிறிது ஒளியும் குழப்பத்தோடுதான் வரும். நிலவொளியில் தூரத்தில் தெரிவது சுண்ணாம்பு அடித்த சின்னச் சுவரா, கருங்கல்லில் எழுப்பிய பெரிய சுவரா என்று தெரியாமல் திகைப்பதைப் போன்றது அது. ஒளியில் நூறில் நான்கு பங்கை மட்டும் திருப்பும் கரிய பொருளும், தொண்ணூற்றாறு பங்கைத் திருப்பும் வெண்பனிப் பொருளும் ஒரே பிரகாசத்தில் தெரிந்தால், முன்னதன் குறுக்களவு பின்னதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு இருக்கும்.

ஒரு வழி உண்டு. கரிய பொருள் ஒளியை உறிஞ்சிச் சற்று வெதுவெதுப்பாகும். அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத நீண்ட அலைகளில் வெளிவிடும். திருப்பிய ஒளியையும் வெளிவிட்ட வெப்பத்தையும் சேர்த்து அளந்தால் குறுக்களவு கிடைக்கும். வெதுவெதுப்பு என்று சொன்னாலும் அங்கே இருப்பது சுழியத்துக்குக் கீழே இருநூற்று இருபது டிகிரி செல்சியஸுக்கும் குறைவான குளிர்தான். எனவே அந்தச் சமிக்ஞையைப் பிடிப்பதே பெரும்பாடு.

2000 நவம்பர் 28 அன்று அரிசோனாவின் கிட் பீக்கில் ஸ்பேஸ்வாட்ச் திட்டத்தினர் கண்டது, நெப்டியூனுக்கு அப்பாலுள்ள கைப்பர் பட்டையில் அதுவரை தெரிந்தவற்றுள் மிகப் பிரகாசமானவற்றில் ஒன்று. சிறுகோள்கள் வரிசையில் 20,000ஆவது எண்ணும் வருணன் என்ற பெயரும் அதற்குக் கிடைத்தன. வேதங்களின் வருணன், தொல்காப்பியத்தில் நெய்தல் நிலத்துக்குரிய தெய்வம். ஜூவிட் குழுவினர் வெப்பத்தையும் ஒளியையும் ஒருசேர அளந்து 900 கிலோமீட்டர் என்றார்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள சீரிஸுக்குச் சமமான ஒரு பொருள் கைப்பர் பட்டையில் இருப்பது பெரிய செய்தி. பின்னாளில் ஹெர்ஷல் விண்தொலைநோக்கி கூர்மையாக அளந்தபோது வருணன் 670 கிலோமீட்டருக்குச் சுருங்கியது.

2002இல் குவாவார் வந்தது. கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் 48 அங்குலத் தொலைநோக்கி ஜூன் 4 இரவில் எடுத்த படங்களில் சாட் ட்ருஹில்யோ அதைக் கண்டார். அவரும் மைக் பிரவுனும் புத்திசாலித்தனமான ஒரு காரியம் செய்தார்கள். அறிவிக்கும் முன்பே ஹபிள் விண்தொலைநோக்கியை அதன் பக்கம் திருப்பினார்கள். ஹபிளின் கேமராவிலும் குவாவார் ஒன்றிரண்டு பிக்சல் அகலம்தான். ஆனாலும் அது புள்ளியல்ல, சின்னஞ்சிறு வட்டு. 1,260 கிலோமீட்டர், பிழை 190 வரை இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தின் பூர்வகுடிகளான தோங்வா மக்களின் படைப்புத் தெய்வத்தின் பெயரை வைத்தார்கள்.

குவாவாரின் அளவு அதோடு நிலைகொள்ளவில்லை. 2007இல் அதற்கு ஒரு நிலா இருப்பது அறிவிக்கப்பட்டது, பெயர் வேய்வோட். நிறை கிடைத்துவிட்டது. அடர்த்தி தெரியக் குறுக்களவும் சரியாக வேண்டும். 2010இல் வெஸ்லி ஃபிரேசரும் பிரவுனும் ஹபிள் படங்களை மறுபடி ஆராய்ந்து, குவாவார் 890 கிலோமீட்டர்தான் என்று முடிவு செய்தார்கள். நிறை அப்படியே இருக்க அளவு சுருங்கினால் அடர்த்தி ஏறும் அல்லவா? கன சென்டிமீட்டருக்கு 4.2 கிராம் வந்தது. இது செவ்வாயின் அடர்த்தியைவிட அதிகம். பனியுலகத்தின் நடுவே முழுப் பாறை! ஏதோ ஒரு பெரிய மோதலில் மேலிருந்த பனியெல்லாம் உரிந்துபோயிருக்கலாம் என்று அவர்கள் விளக்கமும் தேடினார்கள். அந்த விளக்கத்தையே தேவையற்றதாக்கியது அடுத்த அளவீடு. அந்த அளவீட்டைச் சொல்வதற்குமுன் அதற்குக் கையாண்ட முறையைச் சொல்லவேண்டும்.

வானில் நகரும் ஒரு பொருள் எப்போதாவது தொலைவிலுள்ள ஒரு விண்மீனை மறைக்கும். அந்த விண்மீனின் ஒளியில் அப்பொருளின் நிழல், அதே அளவில், பூமியின்மேல் ஓடும். நிழல் கடக்கும் பாதையில் பல இடங்களில் தொலைநோக்கிகளை வைத்து, விண்மீன் எத்தனை நொடி மறைந்தது என்று ஒவ்வொருவரும் குறித்துக்கொண்டால் போதும். நொடிகளை நிழலின் வேகத்தால் பெருக்கினால் கிலோமீட்டர். பல இடத்துக் கோடுகளைச் சேர்த்து வரைந்தால் வடிவமே வந்துவிடும். வெண்மை கருமை என்ற குழப்பம் இங்கே இல்லை. பெரிய தொலைநோக்கிகூடத் தேவையில்லை. நொடியைத் துல்லியமாகப் பதியும் கருவியும் மேகமில்லாத வானமும் போதும்.

இந்த முறைக்குத் தமிழ்நாட்டு மண்ணோடும் உறவுண்டு. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்துகொண்டிருந்த கைப்பர் விமான ஆய்வகத்திலிருந்து ஜேம்ஸ் எலியட்டின் குழு யுரேனஸின் வளையங்களைக் கண்டறிந்தது. அன்றிரவு வாணியம்பாடிக்கு அருகே ஜவ்வாது மலையிலுள்ள காவலூரிலும் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் அதே விண்மீனைக் கண்காணித்தார்கள். விண்மீன் ஒளி சட்டென்று குறைந்து மீண்டது அவர்களுடைய பதிவிலும் விழுந்தது. புதிய துணைக்கோள் ஒன்று குறுக்கிட்டிருக்கலாம் என்று அவர்கள் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். வளையம் என்ற சரியான விளக்கமும் பெருமையும் எலியட் குழுவுக்குப் போயின. என்றாலும் காவலூர்ப் பதிவு அந்த வரலாற்றில் இருக்கிறது. இந்தத் தொடரில் அதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனமில்லை.

அதே முறை 2011 வாக்கில் குவாவாரின்மேல் கைவைத்தது. விண்மீன் மறைப்புகளைத் தொகுத்துப் பிரேசிலைச் சேர்ந்த ஃபெலிப்பெ பிராகா-ரிபாஸ் குழுவினர் 2013இல் வெளியிட்ட முடிவு 1,110 கிலோமீட்டர். அடர்த்தி 4.2இலிருந்து 2க்கு இறங்கியது. பாதி பாறை, மீதி பனி என்ற வழக்கமான கலவைக்குக் குவாவார் திரும்பியது. பிறகு 2023 பிப்ரவரியில் இன்னொரு வியப்பு. மறைப்புக்கு முன்னும் பின்னும் விண்மீன் ஒளி இலேசாக மங்குவதை வைத்து, குவாவாரைச் சுற்றி 4,100 கிலோமீட்டர் தொலைவில் ஒரு வளையம் இருப்பதை புரூனோ மோர்காடோ குழு அறிவித்தது. சில மாதங்களில் இரண்டாவது வளையமும் தெரிந்தது. வளையம் இருக்கக்கூடிய எல்லை குவாவாருக்கு ஏறத்தாழ 1,780 கிலோமீட்டர். அதற்கு அப்பால் துகள்கள் ஒட்டித் திரண்டு நிலாவாகிவிட வேண்டும் என்பது பழைய பாடம். இரண்டு வளையங்களுமே அந்த எல்லைக்கு வெளியில் இருக்கின்றன.

பிராக் வாக்கெடுப்பைத் தூண்டிய எரிஸின் கதையும் இப்படித்தான் திரும்பியது. பிரவுன், ட்ருஹில்யோ, டேவிட் ரபினோவிட்ஸ் மூவரும் 2005 ஜூலை 29 அன்று அறிவித்த அந்தப் பொருள், புளூட்டோவைவிடப் பெரியது என்று சொல்லப்பட்டது. பத்தாவது கோள் என்று உலகமெங்கும் தலைப்புச் செய்தி. வெப்பத்தை அளந்த ஒரு குழு 3,000 கிலோமீட்டர் என்றது. ஹபிள் 2,400 என்றது. வானியலாளர்கள் பிராகில் கூடியபோது கையிலிருந்த கணக்குகள் இவை. 2010 நவம்பர் 6 அன்று எரிஸ் ஒரு மங்கல் விண்மீனை மறைத்தது. பல இடங்களில் காத்திருந்தும், நிழல் சிக்கியது சிலி நாட்டில் லா சீயா, சான் பெத்ரோ தெ அட்டகாமா ஆகிய இரண்டு இடங்களில் மட்டும். லா சீயாவில் அதைப் பிடித்தது 60 சென்டிமீட்டர் கண்ணாடி கொண்ட ஒரு சிறு தொலைநோக்கி. புரூனோ சிகார்டி குழுவினர் கண்ட அளவு 2,326 கிலோமீட்டர். தன்மேல் விழும் ஒளியில் நூறில் 96 பங்கை எரிஸ் திருப்பி அனுப்புகிறது. அந்த வெண்மைதான் அதைப் பெரிதாகக் காட்டியது. 2015 ஜூலையில் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவைக் கடந்தபோது புளூட்டோவின் குறுக்களவு 2,377 கிலோமீட்டர் என்று உறுதியானது. ஆக, புளூட்டோவின் இடத்தை அசைத்த பொருள் புளூட்டோவைவிடச் சற்றுச் சிறியது.

அதனால் பிராக் முடிவு பிழையாகிவிடுமா? ஆகாது என்றே நினைக்கிறேன். எரிஸின் நிலா டிஸ்னோமியா பதினாறு நாளில் அதைச் சுற்றுகிறது. அதைக் கொண்டு 2007இல் பிரவுனும் எமிலி ஷாலரும் கண்ட நிறை புளூட்டோவைவிட 27 விழுக்காடு அதிகம். அளவு மாறிக்கொண்டே வந்தபோதும் அந்த நிறை அசையவில்லை. நிலாவின் சாட்சிக்கும் பிரகாசத்தின் சாட்சிக்கும் உள்ள வேறுபாடு அதுதான்.

நிலாவைத் தேடியவர்களுக்கு அதிர்ஷ்டம் எப்போதும் ஒரே மாதிரி வாய்க்கவில்லை. 2003 நவம்பரில் பிரவுன் குழு கண்ட செட்னா, சூரியனுக்கு மிக அருகே வரும்போதே பூமியின் தொலைவைப் போல் 76 மடங்கு தள்ளி இருக்கும். ஒரு சுற்று முடிய பதினோராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். அதன் ஒளி ஏறி இறங்கும் விதத்தை வைத்து, தன்னைத்தான் சுற்ற இருபது நாளாவது எடுக்கிறது என்று முதலில் கணித்தார்கள். இவ்வளவு மெதுவாகச் சுழல்கிறது என்றால் ஒரு நிலா அதைப் பிடித்து இழுத்து வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். நல்ல தர்க்கம். 2004 மார்ச்சில் ஹபிள் முப்பத்தைந்து படங்கள் எடுத்துப் பார்த்தது. நிலா இல்லை. அடுத்த ஆண்டு ஸ்காட் காடி குழுவினர் மீண்டும் அளந்தபோது, செட்னா பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை சாதாரணமாகவே சுழல்கிறது என்று தெரிந்தது.

அதே தர்க்கம் இன்னோரிடத்தில் பலித்தது. 2007 ஜூலையில் மேகன் ஷ்வாம்ப், பிரவுன், ரபினோவிட்ஸ் கண்ட பொருளுக்கு, வெண்ணிறமாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பில் ஸ்னோ ஒயிட் என்று செல்லப்பெயர் வைத்தார்கள். பிற்பாடு பார்த்தால் அந்தப் பட்டையிலேயே மிகச் சிவந்த பொருள்களில் அது ஒன்று. வேற்று விண்மீன்களின் கோள்களைத் தேட அனுப்பிய கெப்ளர் தொலைநோக்கி அதைத் தொடர்ந்து கவனித்ததில், ஒரு சுழற்சிக்கு 22 அல்லது 45 மணி நேரம் ஆகிறது என்று 2016இல் தெரிந்தது. மறுபடியும் மெதுவான சுழற்சி, மறுபடியும் நிலாவின்மேல் சந்தேகம். ஹங்கேரியின் கபோர் மார்டன், சபா கிஷ் முதலானோர் புதிய படம் எதற்கும் காத்திருக்கவில்லை. ஹபிளின் பழைய சேமிப்பைத் திறந்து, 2009, 2010இல் எடுத்த படங்களைப் பார்த்தார்கள். நிலா அங்கேயே இருந்தது! யார் கண்ணிலும் படாமல் ஆறேழு ஆண்டுகள் கிடந்திருக்கிறது. 25 நாளில் சுற்றும் அந்த நிலாவால் தாய்ப்பொருளின் நிறை தெரிந்தது. 1,500 கிலோமீட்டருக்கு மேல் என்று நம்பப்பட்ட குறுக்களவு 1,230க்கு வந்தது. சீன மரபின் நீர்த் தெய்வமான கோங்கோங்கின் பெயர் 2020இல் அதற்கு உறுதியானது, நிலாவுக்கு ஷியாங்லியூ.

மைக் பிரவுன் குறுக்களவை வைத்து வேட்பாளர்களை வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் வைத்திருந்தார். 900 கிலோமீட்டருக்கு மேலென்றால் ஏறத்தாழ உறுதி, அதற்குக் கீழே படிப்படியாக ஐயம், 400 கிலோமீட்டர் வரை வாய்ப்புண்டு. 400 என்ற எல்லைக்குக் காரணம் சனியின் நிலா மைமாஸ். பனியாலான அது 400 கிலோமீட்டர்கூட இல்லாமலேயே உருண்டையாக இருக்கிறது. அந்தக் கணக்கில் வேட்பாளர்கள் நூற்றுக்கணக்கில் பெருகினார்கள்.

2019இல் வில் கிரண்டி குழுவினர் இந்தப் பெருக்கத்துக்கு அணை போட்டார்கள். கிரண்டி பணியாற்றுவது, புளூட்டோவைக் கண்ட அதே லோவெல் ஆய்வகத்தில். ஆப்பிரிக்காவின் கலகாரிப் பகுதி மக்களுடைய தொன்மக் கதைப் பெண் ஒருத்தியின் பெயர் தாங்கிய 2007 யூகே126 என்ற பொருளை அதன் நிலாவைக் கொண்டு அவர்கள் எடை போட்டார்கள். குறுக்களவு ஏறத்தாழ 640 கிலோமீட்டர். அடர்த்தி தண்ணீரை ஒட்டி, ஒன்று. பாறையும் பனியும் கலந்த பொருளுக்கு இது மிகக் குறைவு. உள்ளே இடைவெளிகள் இருந்தால்தான் இப்படி வரும். அந்தக் குளிரில் பனி பாறையைப் போல இறுகிக் கிடக்கிறது. சனியின் அருகே மைமாஸ் பெற்ற வெப்பம் இங்கே கிடைக்கவில்லை. ஆகவே 400 முதல் 1,000 கிலோமீட்டர் வரையுள்ள பல பொருள்கள் உள்ளிருக்கும் துளைகளைக்கூட நசுக்கிக்கொள்ள முடியாதவை, குறுங்கோள்களாக இருக்க வாய்ப்பில்லை என்று அவர்கள் வாதிட்டார்கள். இந்த வாதம் எனக்கு ஏற்புடையது. குறுக்களவை மட்டும் பார்த்துப் பட்டம் கொடுப்பதைவிட, எடை தெரியும்வரை வேட்பாளர் என்றே அழைப்பதுதான் நேர்மை.

செட்னாவின் நிலைமை அதனால்தான் தர்மசங்கடமானது. ஹெர்ஷல் அளந்த குறுக்களவு 995 கிலோமீட்டர். கிரண்டி குழு குறித்த எல்லையின் விளிம்பு. வெப் தொலைநோக்கி அதன் மேற்பரப்பில் ஈத்தேன் பனியைக் கண்டிருக்கிறது. நிறையைச் சொல்ல நிலா மட்டும் இல்லை. 2076இல் செட்னா சூரியனுக்கு மிக அருகே வரும். அதற்குள் அதன் நிழலைப் பூமியில் பல இடங்களில் பிடித்துவிட்டால் வடிவமாவது தெரிந்துவிடும்.

இரண்டு நிலாக்கள், ஒரு வளையம், நான்கு மணி நேரத்துக்குள் ஒரு சுழற்சி என்று எல்லாச் சாட்சிகளும் அமைந்த ஒரு பொருளும் உண்டு. பெயர் ஹௌமியா. பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் பதிவில் அதன் கண்டுபிடிப்பாளர் பெயருக்கான இடம் மட்டும் காலியாக இருக்கிறது. ஸ்பெயினுக்கும் கலிபோர்னியாவுக்கும் இடையே எழுந்த அந்த வழக்கை அடுத்த பகுதியில் பார்ப்போம்.